இரண்டாம் நிலவின் பொறுப்பாளர்

கோதண்டத்தின் நிலவில் ஐஸ் இருந்தது. என் நிலவில் இல்லை. இதற்காக ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைப் பார்த்து வயிறெரியலாமா என்று கேட்பவர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்திருக்க மாட்டார்கள். நான் எரிந்தேன். 1957ஆம் வருஷம் மார்ச் மாதம் முழுக்க எரிந்தேன். மோர் குடித்தும் ஆறவில்லை.

நிலையத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில், பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் எங்கள் 'உபகிரக மேற்பரப்பு ஆராய்ச்சி நிலையம்' இயங்கி வந்தது. தொலைநோக்கி வைக்க மலை உச்சி வேண்டும், காற்றில் ஈரம் கூடாது, புகை அறவே ஆகாது என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரசாங்கத்தின் கையில் அப்போது காலியாக இருந்தது உப்புக் கிடங்குதான். மேற்கே நாலு புகைபோக்கி, கிழக்கே வங்காள விரிகுடா. சுவரில் சாய்ந்தால் சட்டை நனையும்.

வேலை இதுதான். வெயில் பட்ட எந்தப் பொருளும் வாங்கிய வெளிச்சத்தை முழுசாகத் திருப்பித் தராது, கொஞ்சத்தை விழுங்கிவிடும். சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று உண்டு, அகச்சிவப்பு என்பார்கள். அதில் எந்தப் பகுதி விழுங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், விழுங்கியது பாறையா, தண்ணீரா என்று இங்கிருந்தபடியே சொல்லிவிடலாம். தொலைநோக்கியின் அடியில் ஒரு கருவி. அதற்குள் நகத்தளவு வில்லை ஒன்று அந்த வெளிச்சத்தை உணரும். உணர்ந்ததை ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக இழுக்கும். விழுங்கிய இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். விஞ்ஞானம் அவ்வளவுதான். பாக்கியெல்லாம் ஃபைல்.

முதல் வருஷம் நாங்கள் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஆராய்ச்சி செய்தோம். 'அலுவலக நேரத்தில் வியாழன் கிரகம் காணப்படவில்லை' என்று ஆண்டறிக்கை போயிற்று. மேலிடம் அதை ஏற்றுக்கொண்டு, வியாழன் காணப்படும் நேரத்தை விசாரித்து, மாலை ஆறரை முதல் ஒன்பது வரை விசேஷ அனுமதி கொடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை கோள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

வியாழனுக்குப் பெரிய நிலவுகள் நாலு. அவற்றைப் பதவிப்படி பங்கிட்டோம். ஆகப் பெரியது மூன்றாம் நிலவு, அது இயக்குநர் தவசிமுத்து அவர்களுக்கு. அடுத்த பெரியது நாலாம் நிலவு, துணை இயக்குநர் ராசையாவுக்கு. அதற்கடுத்தது முதல் நிலவு, எனக்கு. நான் சுப்பராயன், பி.எஸ்ஸி. ஆனர்ஸ், முதுநிலை ஆய்வாளர். கடைக்குட்டியான இரண்டாம் நிலவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பொறுப்பாளர் இல்லாத நிலவை நிதியாண்டு முடிவில் மேலிடம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று விதி. அது போய்விட்டால் நிலையத்தின் அந்தஸ்து கால்வாசி குறைந்துவிடும். அதனால் ஜனவரியில் அதைக் கோதண்டத்தின் தலையில் கட்டினோம்.

கோதண்டம் ராயபுரத்து ஆள். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஃபாக்டரியில் இருபது வருஷம் இருந்தவன். கருவியின் வில்லை சூடாக இருந்தால் வேலை செய்யாது. உறைந்த கரியமில வாயுவை அதைச் சுற்றி அடைக்க வேண்டும். அது தொட்டால் கையைப் பொசுக்கும் சரக்கு. பி.எஸ்ஸி. ஆனர்ஸ் கைகள் அதற்கு ஆகாது என்று கோதண்டத்தை வைத்துக்கொண்டோம். பதவியின் பெயர் 'தற்காலிகக் குளிர்ப்பு உதவியாளர்'. நாலு வருஷமாகத் தற்காலிகம். வீட்டில் பெண்டாட்டி தாயம்மா தினமும், "எப்ப பர்மனென்ட் ஆவே?" என்று கேட்பதாக எல்லோரிடமும் சொல்லுவான்.

"சார், நெலாவெ என் கைல குட்த்துட்டாங்கோ. நான் அத்தெ இன்னா சார் பண்ணணும்?" என்று என்னிடம்தான் வந்து கேட்டான்.

அவன் நிலவு துக்கடா நிலவு, அன்று எனக்கு அவன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதனால் நல்ல மனசோடு ஒரு விதியைப் படித்துச் சொன்னேன். ஏப்ரல் முதல் தேதியன்று ஒரு நிலவின் பொறுப்பில் இருக்கும் ஊழியர் யாராயினும் அன்று முதல் நிரந்தரம். கோதண்டம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒற்றிக்கொண்டவன் கை ஜில்லென்று இருந்தது.

பிப்ரவரியில் கோடுகள் வந்தன. என் நிலவின் கோடு கட்டாந்தரை மாதிரி நேராகப் போயிற்று. ராசையாவுடையதும் அப்படியே. இயக்குநரின் நிலவில் லேசான பள்ளம். கோதண்டத்தின் நிலவில் ஆளை விழுங்கும் பள்ளம்.

இயக்குநர் தவசிமுத்து இங்கே வருவதற்கு முன் வசூல் இலாகாவில் இருந்தவர். கோடு இறங்கினால் அவருக்குக் கோபம் வரும். "என் நிலவு சற்றுத் தளர்ந்திருக்கிறது, வயதான நிலவு, அதை விடுங்கள்" என்றார். "ஆனால் ஒரு தற்காலிக ஊழியனை நம்பி நிலவைக் கொடுத்தால், ஒரே மாதத்தில் இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டானே!" கோதண்டத்துக்கு மெமோ போயிற்று: கோடு ஏன் இறங்கியது, ஏழு நாளில் விளக்கம் தேவை. எனக்குச் 'சீரான கோட்டுக்காக'ப் பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

கோதண்டம் மெமோவைத் தூக்கிக்கொண்டு திருதிருவென்று முழித்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். தன் பழைய ஃபாக்டரிக்குப் போய் ஒரு கட்டி ஐஸ் வாங்கி வந்து, கருவிக்கு எதிரே வைத்து, விளக்கைப் போட்டுக் கோடு இழுத்துப் பார்த்தான். சரியாக ஒத்து வரவில்லை. மறுநாள் மீன் பெட்டியில் போடுகிற தூள் ஐஸை ஒரு கூடை கொண்டுவந்தான். அறை முழுக்க வஞ்சிரம் நாறிற்று. புதுக் காகிதத்தை நிலவின் காகிதத்தோடு சேர்த்து ஜன்னலில் பிடித்தான். பள்ளத்தின் மேல் பள்ளம் அச்சாக உட்கார்ந்தது.

"ஐஸு சார்!" என்று கத்தினான். "அந்த நெலாவு பூரா ஐஸு சார்! இருவது வருசமா நான் வெட்ன ஐஸு, அங்க போயி குந்திகினு கீது!"

"கட்டியில் ஏன் வரவில்லை?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கட்டில வெளிச்சம் உள்ள பூந்து அப்டியே பூடும் சார். தூளாக்குனாத்தான் திருப்பி அடிக்கும். மீன்காரன் யாரெ வேணா கேளு."

நாலு வருஷம் காலேஜில் படித்தவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. அன்று சாயங்காலம்தான் என் வயிற்றில் முதல் கங்கு விழுந்தது.

பள்ளம் என்றால் அவமானம் இல்லை, கண்டுபிடிப்பு என்று தெரிந்ததும் நிலையம் தலைகீழாயிற்று. பாராட்டுக் கடிதத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"அன்பர்களே!" என்று ஆரம்பித்தார். நாலு பேர் இருந்தோம். அவர் நாலாயிரம் பேருக்குப் பேசினார். "நான் பாரபட்சம் பார்ப்பவன் அல்ல. காட்ட வேண்டிய இடத்தில் மட்டுமே காட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இயக்குநரின் நிலவில் அரைகுறை ஐஸ், தற்காலிக ஊழியனின் நிலவில் முழு ஐஸ். இது வெளியே தெரிந்தால் நிர்வாகம் என்று ஒன்று இருப்பதாக யார் நம்புவார்கள்? ஆராய்ச்சி இன்று வரும், நாளை போகும். வரிசை போனால் வருமா?"

ராசையா எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், கண் கலங்கியிருந்தது. "அய்யா, முப்பது வருச சர்வீஸ் எனக்கு. கெடச்சது ஒரு கரிக்கட்ட நிலா. ஒரு துண்டு ஐஸ் கெடயாது, பாத்துக்கிடுங்க. வீட்ல கேக்காவ, என்ன பதில சொல்ல? நாலு கோட்டையுங் கூட்டி நாலால வகுத்துருவோம்யா. எல்லா நிலாலயும் ஒண்ணுபோல ஐஸ் இருந்துட்டுப் போட்டும்."

"ஒன்றுபோலவா?" என்றார் இயக்குநர். "எனக்கும் கோதண்டத்துக்குமா?"

வாசலில் நின்றிருந்த கோதண்டம் எட்டிப் பார்த்து, "சார், ஐஸு மேலதான் சார் கீது. நானா போயி கொட்னேன்?" என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கூட்டம் தொடர்ந்தது.

நிலவை அவனிடமிருந்து எடுத்துவிடலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான். யார் எடுத்துக்கொள்வது என்பதில் இழுபறி. ஆகப் பெரிய நிலவை விட்டு ஆகச் சின்ன நிலவுக்கு இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று இயக்குநர் பயந்தார். ராசையாவுக்கும் அதே பயம். இரண்டு பேரும் அந்த நிலவை நினைத்து எச்சில் விழுங்கிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்" என்றார்கள். அப்போது நான் ஒரு குறிப்பு எழுதி நீட்டினேன். இதை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. தற்காலிக ஊழியர் ஒருவர் நிதியாண்டின் கடைசி நாளைத் தாண்டி ஒரு வான்பொருளைத் தம் வசம் வைத்திருக்க விதியில் இடமில்லை. நிலையத்தின் நலன் கருதி, தன் நிலவோடு கூடுதலாக அந்தச் சிறிய நிலவையும் சுமக்க முதுநிலை ஆய்வாளர் சுப்பராயன் சித்தமாக இருக்கிறார்.

இயக்குநர் இரண்டு தரம் படித்துவிட்டு, "தியாகம்" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளிலும் நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். மாலை நாலே முக்காலுக்கு இரண்டாம் நிலவு கோதண்டத்திடமிருந்து எனக்குக் கைமாறியது. 'நல்ல நிலையில் ஒப்படைத்தேன்' என்ற இடத்தில் அவன் கைநாட்டு வைத்தான், 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை.

"இன்னும் ஒரு நாளு வெச்சிகினு இருந்தா பர்மனென்டுன்னு நீதான சார் சொன்னே?"

"விதி மாறிவிட்டது" என்றேன்.

"யார் சார் மாத்துனது?"

நான் காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்தேன். நிலவு கையில் இல்லாத தற்காலிக ஊழியர் தேவையில்லை என்று ஏப்ரல் முதல் தேதி அவன் வேலையும் முடிந்தது. ராயபுரத்து ஐஸ் ஃபாக்டரிக்கே திரும்பிப் போய்விட்டான். எனக்கு இரண்டு நிலவுகள். வயிறு ஆறியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆறித்தான் இருந்தது.

மே மாதம் டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வருவதாகத் தந்தி வந்தது. நிலவின் கோட்டையும் ஐஸின் கோட்டையும் தன் கண்ணெதிரே ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமாம். இயக்குநர் மீன் ஐஸ் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வியாழனுக்கு எதிரே வஞ்சிரத்து ஐஸா? முதல் தரம் வாங்குங்கள்." கண்ணாடி போன்ற கட்டி ஐஸ் வந்தது. கோடு ஒத்து வரவில்லை. கட்டியை நானே உடைத்துப் பார்த்தேன், அதற்குள் பாதி தண்ணீராகிவிட்டது. உறைந்த வாயுவை அடைக்கப் போய் இரண்டு விரல் பொத்துப்போயிற்று. வில்லை குளிரவில்லை. பேனா கோடு இழுக்காமல் நடுங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் நிபுணர். வேறு வழியில்லாமல் ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

பொழுது சாய்ந்திருந்தது. கோதண்டம் ஃபாக்டரி மொட்டை மாடியில் இருந்தான். பக்கத்தில் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டும் சாரங்கு பஷீர். கைப்பிடிச் சுவரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பஷீரின் பைனாகுலரை வைத்து, கோதண்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"வா சார், வா சார்! கரெக்டா வந்தே. நம்ப நெலாவெப் பாரு. தோ, பெர்சுக்கு எடப்பக்கம், ஒட்னாப்பல நிக்குது பாரு, அத்தான். மூணரை நாளுக்கு ஒரு சுத்து சுத்திகினு வருது சார். இன்னிக்கி எங்க நிக்கும்னு நேத்தே பாய்கிட்ட சொல்லிட்டேன்."

"சொல்ட்டான் ஸாப்" என்றார் பஷீர் பெருமையாக. "நானும் பாத்துட்டேன். கடல்ல இத்தினி வருசம் கீறேன், இது தெரியாம பூட்சே."

எங்கள் நிலையத்தில் தொலைநோக்கியில் கண் வைக்கும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான். நாங்கள் பார்ப்பது காகிதத்துக் கோடு. ஆக, இரண்டு நிலவுகளுக்குப் பொறுப்பாளனான நான் அவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தது அன்றுதான், ஒரு ஐஸ் ஃபாக்டரி மாடியில், ஒரு சாரங்கின் பைனாகுலரில். ஊசி முனையளவு வெளிச்சம். அசையாமல் நின்றது. அழகாகத்தான் இருந்தது. வேலை போனவன் தினமும் இதைப் பார்க்கிறான். வேலை இருப்பவன் நான் பார்க்கவில்லை.

கோதண்டம் தூள் ஐஸை உமியில் பொதிந்து, சாக்கில் கட்டிக் கொடுத்தான். எப்படி அடைப்பது, எத்தனை நேரம் குளிரவிடுவது, எல்லாம் சொன்னான். பொத்துப்போன விரலில் எண்ணெய் போட்டுவிட்டான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"வேலெ போனா போவுது சார். தாயம்மாதான் நம்ப மாட்டேன்றா. நெலாவெ நான் பாத்தேன்னு சொன்னா சிரிக்கிறா. எதுனா ஒரு கவுருமெண்டு காயிதத்துல, கோதண்டம் இந்த நெலாவெப் பாத்தான்னு ஒரு வரி போட சொல்லு சார். அது போதும்."

"பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் மாலை எல்லாம் பிரமாதமாக நடந்தது. பள்ளத்தின் மேல் பள்ளம் உட்கார்ந்தது. நிபுணர் மூக்கைப் பொத்திக்கொண்டே வியந்தார். "தூள் ஐஸ் என்ற யோசனை அருமை. யாருடையது?" என்று கேட்டார். இயக்குநர் ராசையாவைப் பார்த்தார். ராசையா என்னைப் பார்த்தார். சாக்கு என் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "என்னுடையது" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

ஆய்வறிக்கை அச்சாகி வந்தபோது அட்டையில் இயக்குநர் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ராசையாவுக்கு நன்றி. என் பெயரைத் தேடினேன், இல்லை. போய்க் கேட்டேன்.

"சுப்பராயன், உமக்குத் தெரியாததா?" என்றார் இயக்குநர் அன்பாக. "இன்னார் பொறுப்பாளர் என்று போட்டால், அதற்கு முன் யார் பொறுப்பாளர் என்று கேட்பார்கள். கேட்டால் ஒரு கைநாட்டு ஆசாமியின் பெயர் வெளியே வரும். ஆகவே இரண்டு பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீர் தியாகி. தியாகிகளுக்குப் பெயர் எதற்கு?"

அந்தக் கோபத்தை அவர் மேல் காட்ட முடியாது. மாடியில் பைனாகுலர் வைத்துக்கொண்டிருப்பவன் மேல் காட்டலாம். அன்றே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மெமோ தயார் செய்தேன். கோதண்டம் என்பவர், இந்நிலையத்தின் பொறுப்பில் உள்ள வியாழனின் இரண்டாம் நிலவை, மே மாதத்தில் பல மாலைகளில், தம் சொந்தக் கண்ணால் பார்த்தார் என்பது ஐயமின்றித் தெரிய வந்துள்ளது. எந்த அதிகாரத்தின் பேரில் பார்த்தார் என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். இனிப் பார்க்கலாகாது. இயக்குநர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். தபாலில் போயிற்று.

நாலாம் நாள் கோதண்டம் நிலையத்துக்கு வந்தான். வெளுத்த சட்டை. கூடவே தாயம்மா, கையில் காராபூந்திப் பொட்டலம். நேரே என் மேஜைக்கு வந்து, மெமோவை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சர்க்காரு காயிதம் வந்து கீது சார். பர்மனென்டா?"

"இல்லை" என்றேன்.

அவன் முகம் விழுந்தது. "அப்பால இன்னா எய்தி கீது? பாய்க்கு இங்கிலீஸு அரைகொறை. எம் பேரு கீது, நெலாவு பேரு கீதுன்னாரு. நெஜமாவா?"

"இருக்கிறது."

"படி சார். இவளுக்குக் கேக்கட்டும்."

எழுதியவன் நான். படிக்க வாய் வரவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னேன். கோதண்டம் என்பவர் வியாழனின் இரண்டாம் நிலவைத் தம் சொந்தக் கண்ணால் பார்த்தார் என்பது ஐயமின்றித் தெரிய வந்துள்ளது. அதற்கு மேல் நிறுத்திக்கொண்டேன்.

தாயம்மா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவி, மெய்யாலுமே பாத்துகீறியா?" என்றாள்.

"எம் பேரு எங்க கீது, காட்டு சார்." காட்டினேன். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். "நெலாவு பேரு?" அதையும் காட்டினேன். "ரெண்டும் ஒரே வரிலயா! கீய இது இன்னா, பெர்ய சாரு கையெய்த்தா? சீலு கூட குத்திகீறாங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ வாக்கு குட்த்தா மாதிரியே பண்ட்டே சார். இத்தெ கண்ணாடி போட்டு வூட்ல மாட்டிக்கிறேன்."

பொட்டலத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டு, இரண்டு பேரும் ரயில் பாதைப் பக்கம் நடந்து போனார்கள். கோதண்டம் பகல் வெளிச்சத்திலேயே வானத்தைக் காட்டி அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனான். விளக்கம் கேட்டு ஏழு நாள் ஆயிற்று, எழுபது நாளும் ஆயிற்று, அவன் பதில் போடவில்லை.

இரண்டாம் நிலவு இப்போதும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்த்த மனிதர் இன்னார் என்று நிலையத்தின் கையெழுத்தோடும் முத்திரையோடும் வெளியே போன காகிதம் அந்த ஒன்றுதான். அதன் அலுவலக நகலை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். எனக்கு அப்படி ஒரு மெமோ யாரும் தரவில்லை.